அணைப்பதும் மூட்டுவதும்: செயல்மிகு பேரடைகளின் தாரைகளும் விண்மீன் பிறப்பும்

விண்மீன்கள் குளிர்ந்த வாயுவிலிருந்து பிறக்கின்றன. விண்வெளியில் பரவியிருக்கும் ஹைட்ரஜன் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்து குளிர்ந்து, அணுநிலையிலிருந்து மூலக்கூறு நிலைக்கு மாறி, அடர்ந்த முகில்களாகத் திரண்டு, இறுதியில் தன் ஈர்ப்பின் பளுவைத் தானே தாங்க இயலாமல் உள்நோக்கிச் சரியும்போது விண்மீன் உருவாகிறது. எனவே ஒரு விண்மீன் பேரடையில் எவ்வளவு வாயு உண்டு என்பதும் அது எத்துணை விரைவாகக் குளிர்கிறது என்பதும் தெரிந்துவிட்டால், அப்பேரடை ஆண்டுதோறும் எத்தனை விண்மீன்களைப் பெறும் என்பதைக் கணித்துவிடலாம் என்றே தோன்றும். ஆனால் மிகப் பெரிய பேரடைகளில் இக்கணக்கு பொய்த்துவிடுகிறது. குளிர்வதற்கு வேண்டிய வாயு அவற்றைச் சூழ்ந்து நிறைந்திருந்தும், விண்மீன்களோ மிகச் சிலவே பிறக்கின்றன. பேரண்டத்திலுள்ள சாதாரணப் பருப்பொருள் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே இன்றுவரை விண்மீனாகியிருக்கிறது. எஞ்சிய வாயுவைத் தடுத்து நிறுத்தியது எது என்ற வினாவுக்கு விடை தேடிய வானியலாளர்களின் பார்வை, பேரடைகளின் மையத்திலிருக்கும் பெருங்கருந்துளைகள்மீதும் அவற்றிலிருந்து சீறிப் பாயும் தாரைகள்மீதும் சென்று நின்றது.

தாரைகள் விண்மீன் பிறப்பை அடக்குகின்றன என்பது கடந்த கால் நூற்றாண்டில் வலுப்பெற்ற கருத்து. ஆனால் அதே தாரைகள் சில இடங்களில் விண்மீன்களைப் பிறப்பிக்கின்றன என்பதற்கும் நேரடிச் சான்றுகள் உண்டு. இவ்விரு வகைச் சான்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. விளக்கை அணைக்கும் அதே மூச்சுதான் ஊதுகுழல் வழியே அடுப்பை மூட்டுகிறது. வேறுபாடு மூச்சில் இல்லை, அது படும் பொருளிலும் படும் முறையிலும் இருக்கிறது. தாரை என்ன செய்யும் என்பதை முடிவு செய்வதில், அது சந்திக்கும் வாயுவின் நிலைக்குத் தாரையின் வலிமைக்கு நிகரான பங்கு உண்டு என்பதையே இதுவரை திரண்டுள்ள சான்றுகள் காட்டுகின்றன. அச்சான்றுகளை வரிசைப்படுத்தி மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

தாரையின் இயல்பும் கண்டுபிடிப்பும்

ஏறத்தாழ எல்லாப் பெரிய பேரடைகளின் மையத்திலும் சூரியனைப் போல் பல லட்சம் முதல் பல நூறு கோடி மடங்கு வரை நிறை கொண்ட கருந்துளை ஒன்று இருக்கிறது. அதை நோக்கி விழும் வாயு நேராக உள்ளே போய்விடுவதில்லை. தன் சுழற்சியின் காரணமாக முதலில் ஒரு வட்டாகத் திரண்டு, உராய்வால் சூடேறிப் பெரும் ஒளியை உமிழ்ந்தபடி படிப்படியாக உள்ளிறங்குகிறது. இவ்வாறு இரை பெற்றுக்கொண்டிருக்கும் கருந்துளையை மையத்தில் கொண்ட பேரடையே செயல்மிகு பேரடை எனப்படுகிறது. இவற்றுள் ஒரு பகுதியில், வட்டின் தளத்துக்கு ஏறக்குறையச் செங்குத்தாக, எதிரெதிர்த் திசைகளில் இரு மெல்லிய பீச்சல்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் கிளம்புகின்றன. மின்னேற்றம் பெற்ற துகள்களும் காந்தப்புலமும் கலந்த பிளாஸ்மாவாலான இப்பீச்சல்களே ஜெட் எனப்படும் தாரைகள். சுழலும் கருந்துளையைச் சூழ்ந்து முறுக்கேறும் காந்தப்புலம் அச்சுழற்சியின் ஆற்றலை வெளியே கடத்த முடியும் என்று 1977இல் ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்னாயெக்கும் காட்டிய கோட்பாடே தாரைகளின் தோற்றத்துக்கு இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கமாகும்.

தாரை ஒன்று முதன்முதலில் பதிவானபோது அதன் பொருளை யாரும் அறிந்திருக்கவில்லை. 1918இல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் பணியாற்றிய ஹீபர் கர்ட்டிஸ், கன்னி விண்மீன் கூட்டத்திலுள்ள எம்87 என்னும் மங்கலான பொருளின் நடுவிலிருந்து நேர்க்கோடாக ஒரு கதிர் நீண்டிருப்பதைக் குறித்து வைத்தார். அது 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு பேரடை என்பதும், அக்கதிர் சுமார் 5,000 ஒளியாண்டு நீளமுள்ள தாரை என்பதும், அதன் அடியில் 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது என்பதும் பின்னர் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. அக்கருந்துளையின் நிழலை 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் குழுவினர் படமாகவே வெளியிட்டனர்.

தாரைகள் பேரடையின் எல்லையைத் தாண்டியும் செல்கின்றன என்பதை வெளிப்படுத்தியது ரேடியோ வானியல். 1953இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் நிலையத்தில் ரோஜர் ஜென்னிசனும் இந்தியாவிலிருந்து சென்றிருந்த மிருணாள் குமார் தாஸ்குப்தாவும், சிக்னஸ் ஏ என்ற வலிய ரேடியோ மூலம் ஒற்றைப் பொருளாக இல்லாமல் இரு தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்திருப்பதைக் கண்டறிந்தனர். பேரடையின் இரு பக்கங்களிலும் வெகு தொலைவில் ஊதிப் பெருத்திருக்கும் இப்பகுதிகள் மடல்கள் எனப்படுகின்றன. தாரை தன் ஆற்றலைக் கொண்டுபோய்க் கொட்டும் தேக்கங்கள் அவை. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற மூலத்தின் நிறமாலையைப் படித்து, விண்மீன் போலத் தோன்றிய அது வெகு தொலைவிலுள்ள பேரொளிக் கரு என்று நிறுவியபோது குவேசார்கள் அறிமுகமாயின. தொலைதூர ரேடியோ மூலங்களை ஆராயும் இப்பணியில் நீலகிரிக்கும் பங்கு உண்டு. கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உதகமண்டலத்துக்கு அருகே மலைச்சரிவில் அமைத்து 1970இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி, நிலவு ஒரு மூலத்தை மறைக்கும் கணத்தில் அதன் அலைகள் எவ்வாறு மங்குகின்றன என்பதைப் பதிந்து, நூற்றுக்கணக்கான ரேடியோ மூலங்களின் கோண அளவையும் அமைப்பையும் தந்தது.

ஆற்றல் கணக்கு

கருந்துளையின் அளவையும் பேரடையின் அளவையும் ஒப்பிட்டால், முன்னது பின்னதை ஆட்டிப் படைக்கும் என்று நம்புவது கடினம். எம்87இன் கருந்துளையை ஒளி ஒன்றரை நாளில் கடந்துவிடும். அப்பேரடையைக் கடக்க லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். பெரும்பாலான பேரடைகளில் கருந்துளையின் நிறை, நடுப்புடைப்பிலுள்ள விண்மீன்களின் மொத்த நிறையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் ஆற்றலின் கணக்கு வேறு. சூரியனின் நடுவில் நிகழும் அணுக்கரு இணைவு, ஹைட்ரஜன் நிறையில் 0.7 விழுக்காட்டை மட்டுமே ஆற்றலாக மாற்றுகிறது. கருந்துளையில் விழும் பொருளோ தன் நிறையில் 10 விழுக்காடு அளவை ஆற்றலாக வெளியிட இயலும். அவ்வகையில் ஒரு பெருங்கருந்துளை தன் நிறையை எட்டும்வரை வெளியிட்ட ஆற்றல் முழுவதையும் கூட்டினால், அது அப்பேரடையின் விண்மீன்களை ஈர்ப்பால் பிணைத்திருக்கும் ஆற்றலைப் போலப் பல பத்து மடங்கு இருக்கும். அதில் சிறு பங்கு வாயுவைச் சென்றடைந்தாலே பேரடையின் போக்கு மாறிவிடும். பேரடை நடுப்புடைப்பின் விண்மீன்கள் எவ்வளவு வேகமாக அலைகின்றன என்பதற்கும் கருந்துளையின் நிறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்று 2000ஆம் ஆண்டில் இரு குழுக்கள் தனித்தனியே காட்டியது, இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் வளரவில்லை என்ற எண்ணத்துக்கு அடித்தளமிட்டது.

கருந்துளை தன் சூழலின்மீது செலுத்தும் இவ்விளைவு பின்னூட்டம் என்று அழைக்கப்படுகிறது. அது இரு வழிகளில் நிகழ்கிறது. கருந்துளை பெருமளவு இரை பெறும் காலத்தில் அதன் வட்டிலிருந்து வீசும் ஒளியும் காற்றும் வாயுவைத் தள்ளுவது ஒன்று. இரை குறைந்த காலத்தில் ஒளி மங்கிவிட, தாரைகளே ஆற்றலைச் சுமந்து செல்வது மற்றொன்று. முதலாவது விரைவில் முடிந்துவிடும் ஒரு கொந்தளிப்பு; இரண்டாவது நெடுங்காலம் தொடரும் பராமரிப்பு. விண்மீன் பிறப்பைத் தொடர்ந்து தடுத்து வைப்பதில் இரண்டாவது வழிக்கே பெரும்பங்கு என்பதற்கு மிகத் தெளிவான சான்று பேரடைக் கொத்துகளில் கிடைக்கிறது.

வெப்பம் ஊட்டும் தாரை

நூற்றுக்கணக்கான பேரடைகள் ஈர்ப்பால் ஒன்றுகூடிய தொகுதிகளே பேரடைக் கொத்துகள். ஒரு கொத்தில் விண்மீன்களைவிட அதிக நிறை, பேரடைகளுக்கு இடைப்பட்ட வெளியை நிரப்பி நிற்கும் வாயுவில் இருக்கிறது. ஒரு கோடி முதல் பத்துக் கோடி டிகிரி வரை கொதிக்கும் இவ்வாயு எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. உமிழும்போது வெப்பத்தை இழக்கிறது. கொத்தின் நடுவில் வாயு அடர்த்தி மிகுந்திருப்பதால் அங்கே குளிர்வும் விரைவு. குளிர்ந்த வாயு மையப் பேரடைக்குள் இறங்கி ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களுக்கு நிகரான விண்மீன்களைத் தோற்றுவிக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நமது பால்வீதியில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சூரிய நிறை அளவே விண்மீனாகிறது என்பதை நினைத்தால் இது எத்துணைப் பெரிய அளவு என்பது விளங்கும். ஆயினும் கண்முன் தெரிந்த விண்மீன் பிறப்பு அதில் சிறு பகுதியே. 2001இல் எக்ஸ்எம்எம் நியூட்டன் விண்கலம் பதிந்த நிறமாலைகள் புதிரை மேலும் கூர்மையாக்கின. வெப்ப வாயு குளிரத் தொடங்குவது தெரிந்தது, ஆனால் மேலும் குளிர்ந்து கீழிறங்கும் வாயுவுக்குரிய நிறமாலைக் கோடுகள் எதிர்பார்த்த வலிமையில் காணப்படவில்லை. ஏதோ ஒன்று அவ்வாயுவுக்கு இடைவிடாமல் வெப்பம் ஊட்டிக்கொண்டிருந்தது.

அது எது என்பதைப் பெர்சியஸ் கொத்து காட்டிக்கொடுத்தது. சுமார் 24 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இக்கொத்தின் மையப் பேரடையான என்ஜிசி 1275இன் இருபுறமும் எக்ஸ் கதிர் ஒளி குறைந்த இரு குழிவுகள் இருப்பதை ரோசாட் செயற்கைக்கோள் 1993இல் கண்டது. அக்குழிவுகள் வெற்றிடங்கள் அல்ல. ரேடியோ படத்தில் அதே இடங்களைத் தாரைகளின் மடல்கள் நிரப்பியிருந்தன. அதாவது தாரை வெப்ப வாயுவை ஒதுக்கித் தள்ளிக் குமிழிகளை ஊதியிருக்கிறது. பின்னர் சந்திரா விண்ணாய்வுக்கலம் எடுத்த கூர்மையான படங்களில், குமிழிகளைச் சுற்றி நீரலை போல விரியும் அழுத்த அலைகளும், முற்காலத்தில் ஊதப்பட்டு இப்போது விலகி மேலேறிச் செல்லும் பழைய குமிழிகளும் தென்பட்டன. ஆண்ட்ரூ ஃபேபியனும் அவருடன் பணியாற்றியோரும் 2003இல் விவரித்த இவ்வலைகள் உண்மையில் ஒலி அலைகளே. மனிதச் செவி உணரக்கூடிய எல்லைக்கு வெகு கீழே, ஓர் அலைவுக்குச் சுமார் ஒரு கோடி ஆண்டுகள் பிடிக்கும் ஒலி அது.

இக்குழிவுகள் இயற்கை அமைத்துத் தந்த அளவுகோல்கள். குமிழியின் கன அளவையும் அதைச் சூழ்ந்த வாயுவின் அழுத்தத்தையும் அறிந்தால், அதை ஊதத் தாரை எவ்வளவு வேலை செய்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். குமிழி மேலேற எடுத்த காலத்தைக் கொண்டு தாரையின் திறனையும் பெறலாம். பல கொத்துகளில் இவ்வாறு பெற்ற திறன், வாயு எக்ஸ் கதிராக இழக்கும் வெப்பத்துக்கு ஏறத்தாழச் சமமாக வந்தது. மிகப் பெரிய நேர்வுகளில் ஒன்றான எம்எஸ் 0735 என்ற கொத்தில், 260 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஒவ்வொன்றும் சுமார் 6.5 லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள இரு குழிவுகள் இருப்பதை 2005இல் பிரையன் மெக்நமாராவின் குழு அறிவித்தது. ஒஃபியூகஸ் கொத்தில் அதனினும் பெரிய வெடிப்பின் தழும்பு இருப்பது 2020இல் அறிவிக்கப்பட்டபோது, அக்குழிவை நிரப்பிய ரேடியோ ஒளியைக் காட்டியவற்றுள் புனே அருகே 30 கிண்ணங்களுடன் இயங்கும் மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியும் ஒன்று.

குமிழியிலிருக்கும் ஆற்றல் வாயு முழுவதற்கும் சீராகப் பரவுவது எப்படி என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஒலி அலைகள் தேய்ந்து வெப்பமாவது, குமிழிகள் மேலேறும்போது கிளறிவிடும் கொந்தளிப்பு அடங்கி வெப்பமாவது, குமிழியின் பொருளே வாயுவுடன் கலப்பது எனப் பல வழிகள் முன்வைக்கப்படுகின்றன. 2016இல் குறுகிய காலமே இயங்கிய ஹிட்டோமி விண்கலம் பெர்சியஸின் நடுவிலுள்ள வாயுவின் கொந்தளிப்பு வேகம் வினாடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் மட்டுமே என்று அளந்தது. குளிர்வை ஈடுகட்டப் போதுமான அளவு கொந்தளிப்பு இருக்கிறது. ஆனால் அது மையத்திலிருந்து வெகுதூரம் பரவும் அளவுக்கு வேகம் கொண்டதல்ல. எனவே ஒரே வழி எல்லாவற்றையும் செய்வதாகக் கொள்வது கடினம்.

வெப்பமும் குளிர்வும் இவ்வாறு சமன்படுவது தற்செயலாக இருக்க முடியாது. வாயு மிகுதியாகக் குளிர்ந்தால் ஒரு பகுதி கருந்துளையை அடைந்து தாரையை வலுப்படுத்துகிறது; தாரை வலுத்தால் வாயு சூடேறி இரை குறைகிறது; இரை குறைந்தால் தாரை தளர்ந்து மீண்டும் குளிர்வு தொடங்குகிறது. 2006இல் டேரன் குரோட்டனின் குழுவும் ரிச்சர்டு பவரின் குழுவும் தனித்தனியே, இத்தகைய பின்னூட்டத்தைச் சேர்த்தால்தான் பேரண்ட மாதிரிகளில் பெரும் பேரடைகளின் எண்ணிக்கையும் அவற்றின் முதிர்ந்த செந்நிறமும் உண்மையோடு ஒத்துவருகின்றன என்று காட்டின. ஐரோப்பாவின் லோஃபார் ரேடியோ அணியைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, நிறைமிகுந்த பேரடைகள் ஏதேனும் ஓர் அளவில் எப்போதுமே ரேடியோ ஒளியுடன் இருக்கின்றன என்று கண்டது, ஓயாத இப்பராமரிப்பு வெறும் கருதுகோள் அல்ல என்பதற்கு வலுவான ஆதரவு.

வாயு இருந்தும் விண்மீன் இல்லாத இடங்கள்

தாரையின் அடக்குமுறை கொத்துகளின் வெப்ப வாயுவோடு நின்றுவிடுவதில்லை. பேரடைக்குள்ளேயே, விண்மீன் பிறக்கத் தகுந்த குளிர்ந்த வாயு இருக்கும்போதும் அது தன் கடமையைச் செய்யாமல் தடுக்கப்படுவதுண்டு. 3சி 326 என்ற ரேடியோ பேரடையில் நூறு கோடி சூரிய நிறைக்கு மேற்பட்ட மூலக்கூறு ஹைட்ரஜன் இருக்கிறது. சாதாரணப் பேரடை ஒன்றில் இவ்வளவு வாயு இருந்தால் எத்தனை விண்மீன்கள் பிறக்குமோ, அதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐம்பதில் ஒரு பங்கு வரையே அங்கே பிறக்கிறது என்று நிக்கோல் நெஸ்வாட்பாவின் குழு 2010இல் மதிப்பிட்டது. வாயு முற்றும் வெளியேற்றப்படவுமில்லை, தீர்ந்துவிடவுமில்லை. தாரை ஊட்டிய ஆற்றல் அதை ஓயாமல் கலக்கிக்கொண்டிருக்கிறது. முகிலின் உள்ளே துகள்கள் இங்குமங்கும் அலையும் வேகம் ஈர்ப்பின் இழுவையை மிஞ்சினால் முகில் சரிவதில்லை. சரியாத முகிலில் விண்மீன் இல்லை.

வாயு வெளியேற்றப்படும் நேர்வுகளும் உண்டு. ஐசி 5063 என்ற பேரடையில் தாரை, பேரடையின் வாயுத்தட்டுக்குச் செங்குத்தாக மேலெழாமல், அதன் ஊடாகவே துளைத்துச் செல்கிறது. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் 66 கிண்ணங்களுடன் இயங்கும் ஆல்மா அணி அங்கே எடுத்த படங்கள், தாரை சென்ற பாதை நெடுக மூலக்கூறு வாயு வேகமாக உந்தப்படுவதைக் காட்டின. ரஃபயெல்லா மோர்கந்தி உள்ளிட்டோர் இப்பேரடையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து வந்ததால், குறைந்த ரேடியோ ஒளியுள்ள தாரைகூடத் தன் திசையின் காரணமாகப் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தும் என்பது தெளிவாயிற்று. தட்டுக்குச் செங்குத்தான தாரை சிறு துவாரம் வழியே தப்பி வெளியே போய்விடும். தட்டுக்குள் சாய்ந்த தாரையோ தன் ஆற்றல் முழுவதையும் வாயுவில் செலவழிக்கும்.

மூட்டும் தாரை

மறுபக்கச் சான்றுகளுக்கு அடிப்படையான இயற்பியல் எளியது. வாயு முகில் ஒன்று சரிவதற்கு அதன் நிறை ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும் என்று 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் காட்டினார். வெப்பநிலை அதிகரித்தால் அவ்வரம்பு உயர்கிறது. அடர்த்தி அதிகரித்தால் வரம்பு தாழ்கிறது. தாரை முன்னேறும்போது அதன் முன்னும் பக்கங்களிலும் ஒலியினும் விரைந்த அழுத்த முகப்பு ஒன்று பரவுகிறது. அதிர்ச்சி அலை எனப்படும் இது முகிலுக்குள் நுழைந்தால் வாயுவை நெருக்கிச் சூடாக்குகிறது. முகில் ஏற்கெனவே அடர்த்தியாக இருந்தால், நெருக்கப்பட்ட வாயு ஏறிய வெப்பத்தை விரைவில் கதிர்வீசி இழந்துவிடுகிறது; வெப்பம் போய் அடர்த்தி மட்டும் எஞ்சுகிறது; வரம்பு தாழ்ந்து முகில் சரிகிறது. முகில் மெல்லியதாக இருந்தால் குளிர்வதற்குள் சிதறிவிடுகிறது. மூட்டுவதா அணைப்பதா என்பதை முடிவு செய்வது இந்தப் பந்தயமே: குளிர்வு முந்துகிறதா, சிதைவு முந்துகிறதா என்பது.

இப்பந்தயத்தில் குளிர்வு வென்ற இடமாக நெடுங்காலமாகச் சுட்டப்படுவது மின்கோவ்ஸ்கியின் பொருள். ஏபல் 194 என்ற கொத்திலுள்ள என்ஜிசி 541 பேரடையிலிருந்து கிளம்பும் தாரையின் பாதையில், ஒழுங்கற்ற வடிவில் நீலநிறத்தில் ஒளிரும் சிறு விண்மீன் தொகுதி அது. தாரை மூட்டிய விண்மீன் வெடிப்பு அது என்று வில் வான் பிரூகலும் பிறரும் 1985இல் முன்மொழிந்தனர். 2006இல் ஸ்டீவ் கிராஃப்ட் தலைமையிலான ஆய்வு, அங்குள்ள விண்மீன்களின் வயது சுமார் 75 லட்சம் ஆண்டுகளே என்றும், ஆண்டுக்கு அரைச் சூரிய நிறை அளவில் பிறப்பு நிகழ்கிறது என்றும், அணுநிலை ஹைட்ரஜன் சுமார் 50 கோடி சூரிய நிறை அளவு தாரை கடந்துசென்ற பக்கத்தில் குவிந்திருக்கிறது என்றும் கண்டது. வெதுவெதுப்பான வாயுவைத் தாரையே நெருக்கிக் குளிரச் செய்திருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. இக்கருத்து சரியெனில், தாரை இருந்த முகிலைத் தூண்டியதோடு, முகிலையே உருவாக்கவும் செய்திருக்கிறது.

நமக்கு மிக அருகிலுள்ள ரேடியோ பேரடை சென்டாரஸ் ஏ. 1826இல் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்ட இப்பேரடை சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் வடகிழக்குத் தாரையின் திசையில், மையத்திலிருந்து பல்லாயிரம் ஒளியாண்டு தள்ளி, ஹைட்ரஜன் முகில் ஒன்றும் அதையொட்டி ஒளிரும் இழைகளும் இளம் நீல விண்மீன்களும் இருப்பது தெரியவந்தது. இவ்வளவு தொலைவில், இவ்வளவு இளைய விண்மீன்களுக்குத் தாரையைத் தவிர வேறு காரணம் கூறுவது எளிதன்று. ஆனால் இதே இடம்தான் எச்சரிக்கையையும் தருகிறது. குவென்டின் சலோமே உள்ளிட்டோர் 2016 முதல் நடத்திய ஆய்வுகள், அங்கே அணுநிலை வாயு பெருமளவில் மூலக்கூறு நிலைக்கு மாறியிருந்தும், அது விண்மீனாகும் வேகம் மிகவும் மந்தமாக இருப்பதைக் கண்டன. தாரை வாயுவை அடர்த்தியாக்கியது. அதே கையால் அதைக் கலக்கியும் விட்டது.

பேரண்டத்தின் இளமைக் காலத்தில் கதை இன்னும் வலுவாக இருந்திருக்கக்கூடும். ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியால் நாம் காணும் 4சி 41.17 என்ற பேரடையில், ரேடியோ தாரையின் அச்சை ஒட்டி நீண்டிருக்கும் புற ஊதா ஒளி இளம் விண்மீன்களின் ஒளியே என்று அர்ஜுன் டேயின் குழு 1997இல் கெக் தொலைநோக்கியின் நிறமாலையைக் கொண்டு காட்டியது. அண்மையில் மற்றொரு வகைச் சான்றும் சேர்ந்தது. சுமார் 3 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஹெனைஸ் 2-10 என்ற குறும்பேரடையில், கருந்துளையிலிருந்து புறப்படும் வாயு ஓட்டம் 230 ஒளியாண்டு தள்ளியுள்ள விண்மீன் பிறப்புப் பகுதியைச் சென்று தொடுவதை, ஹபிள் தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு சக்கரி ஷுட்டேயும் ஏமி ரெயின்ஸும் 2022இல் காட்டினர்.

ஒரு திருத்தத்தின் பாடம்

இத்துறையில் ஆர்வத்துக்குக் கடிவாளமிட்ட ஒரு வரலாறும் உண்டு. 1987இல் இரு குழுக்கள், தொலைதூர ரேடியோ பேரடைகளின் கட்புலன் ஒளி அவற்றின் ரேடியோ தாரைகளின் திசையிலேயே நீண்டிருப்பதைக் கண்டன. தாரைகள் தம் வழிநெடுக விண்மீன்களை மூட்டிச் சென்றதே காரணம் என்ற விளக்கம் உடனே எழுந்தது. மார்ட்டின் ரீஸ் முதலியோர் 1989இல் அதற்குக் கோட்பாட்டு வடிவமும் தந்தனர். ஆனால் அவ்வொளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிர்வதன் அளவை, அளந்தபோது பல பேரடைகளில் அது உயர்ந்திருந்தது. விண்மீன்களின் நேரடி ஒளிக்கு அத்தன்மை இராது; மையத்தில் மறைந்திருக்கும் குவேசாரின் ஒளி வழியிலுள்ள தூசியாலும் மின்னணுக்களாலும் சிதறி நம்மை அடையும்போதே அது தோன்றும். அயனியாக்கப்பட்ட வாயுவின் ஒளியும் கலந்திருப்பது பின்னர் தெரிந்தது. எனவே ஒன்றுபட்ட திசை மட்டும் காரணத்தை நிறுவிவிடாது என்பதை இத்துறை கற்றுக்கொண்டது. 4சி 41.17இன் முக்கியத்துவமும் இதனாலேயே: அதன் ஒளியில் முனைவாக்கம் காணப்படவில்லை, மாறாக இளம் விண்மீன்களுக்கே உரிய உட்கவர் கோடுகள் இருந்தன.

ஒரே பேரடையில் இரண்டும்

அணைத்தலும் மூட்டலும் வெவ்வேறு பேரடைகளின் தனிக்குணங்கள் என்று பிரித்துவிடவும் முடியாது. சுமார் 570 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஃபீனிக்ஸ் கொத்தின் மையப் பேரடையில் ஆண்டுக்கு 740 சூரிய நிறை அளவு விண்மீன்கள் பிறப்பதாக மைக்கேல் மெக்டொனால்டின் குழு 2012இல் மதிப்பிட்டது. பின்வந்த மதிப்பீடுகள் சற்றுக் குறைந்தாலும், அருகிலுள்ள கொத்துகளோடு ஒப்பிட அது இன்றும் பேரளவே. அதே பேரடையில் தாரைகள் ஊதிய குமிழிகளும் உள்ளன. 2017இல் ஹெலன் ரஸ்ஸலின் குழு ஆல்மாவின் படங்களில், குளிர்ந்த வாயு இழைகள் அக்குமிழிகளைத் தழுவியபடி வளைந்திருப்பதைக் கண்டது. குமிழி மேலேறும்போது கீழிருந்த வாயுவைத் தன்னோடு தூக்கிச் செல்கிறது. உயரத்தில் அவ்வாயு நிலைகுலைந்து குளிர்ந்து மழைபோல இறங்குகிறது. ஏபல் 2597 கொத்தின் மையப் பேரடையில் கிராண்ட் டிரெம்ப்ளேயின் குழு, கருந்துளையை நோக்கி விழும் குளிர்ந்த முகில்களை 2016இலும், மேலே எழுந்து மீண்டும் விழும் வாயு ஊற்றின் முழு அமைப்பை 2018இலும் விவரித்தது. இங்கே தாரை சூடேற்றும் கருவியாகவும் குளிரத் தூண்டும் கருவியாகவும் ஒருங்கே இயங்குகிறது.

கணினியில் இத்தகைய பேரடைகளைக் கட்டி இயக்கிப் பார்க்கும் ஆய்வுகளும் இதே முடிவை நோக்கி நகர்ந்துள்ளன. வோல்கர் கைப்லரின் குழு 2012இல், வாயு நிறைந்த வட்டுப் பேரடையில் தாரை எழுந்தால் அதைச் சூழ்ந்த அழுத்தம் வட்டை நெருக்கி விண்மீன் பிறப்பை உயர்த்தும் என்று காட்டியது. அத்தகைய தொடக்க கால ஆய்வுகள் அடர்த்தியை மட்டும் கொண்டு விண்மீன் பிறப்பைக் கணித்தன. கொந்தளிப்பின் தடையைச் சேர்க்கவில்லை. புனேயிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை வானியல், வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த தீபாஞ்சன் முகர்ஜி பங்கேற்று 2021இல் வெளியான ஆய்வு அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டபோது, பேரடை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பிறப்பு குறைகிறது, தாரையால் நெருக்கப்பட்ட தனி முகில்களில் உயர்கிறது, உயர்ந்த இடங்களிலும் அவ்வளவு அடர்த்திக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவை எட்டுவதில்லை என்ற விடை கிடைத்தது. சென்டாரஸ் ஏயில் தொலைநோக்கி கண்டதும் இதுவே.

காலத்தின் சிக்கல்

இச்சான்றுகளை ஒப்பிடும்போது காலம் என்னும் காரணியை மறந்துவிடக் கூடாது. ஒரு தாரையின் ஆயுள் பெரும்பாலும் ஒரு கோடி முதல் பத்துக் கோடி ஆண்டு வரை. அதற்குள்ளும் அது வலுத்தும் தளர்ந்தும் மாறுகிறது. விண்மீன் பிறப்பை அளக்கும் முறைகளோ பல லட்சம் முதல் பத்துக் கோடி ஆண்டு வரையிலான சராசரியைத் தருகின்றன. எனவே இன்று தாரை தெரியும் பேரடையில் இன்று விண்மீன் பிறப்பு மிகுந்திருந்தால், தாரை அதைத் தூண்டியது என்றும் கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே வாயு வரத்து காரணம் என்றும் கொள்ளலாம். தாரையின் தடை இன்னும் கணக்கில் தென்படவில்லை என்றும் கொள்ளலாம். ஒற்றைப் படத்தைக் கொண்டு தீர்ப்பு வழங்காமல், ஒவ்வொரு இடத்திலும் விண்மீன்களின் வயதையும் வாயுவின் அசைவையும் தாரையின் வயதையும் ஒருசேர அளப்பதே சரியான வழி.

பேரண்டத்தின் காலமும் இதில் உண்டு. தொடக்கத்தில் வாயு அடர்த்தியாகவும் ஏராளமாகவும் இருந்தது. அப்போது தாரைகளும் ஓட்டங்களும் முகில்களை நெருக்கி விண்மீன் பிறப்பை முடுக்கியிருக்கக்கூடும், வாயு குறைந்த பின்னரே அவை தடையாக மாறின என்று ஜோசப் சில்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 2024இல் முன்மொழிந்தனர். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டிய எதிர்பாராத ஒளிமிக்க இளம் பேரடைகளை விளக்க முயலும் இம்முன்மொழிவு இன்னும் சோதிக்கப்பட வேண்டியதே. ஆயினும் அடர்ந்த முகிலில் குளிர்வு முந்தும் என்ற அதே பந்தயம் பேரண்டத்தின் அளவிலும் ஓடியிருக்கலாம் என்பதால் அது கருத்தில் கொள்ளத்தக்கது. தாரைகள் எட்டும் அளவும் நினைத்ததைவிடப் பெரிது. 2024இல் லோஃபார் அணியின் தரவுகளில் அறிவிக்கப்பட்ட போர்ஃபிரியான் என்ற தாரை இணையின் மொத்த நீளம் சுமார் 2.3 கோடி ஒளியாண்டு. அவ்வளவு தொலைவு செல்லும் ஆற்றலும் காந்தப்புலமும் பேரடைகளுக்கு இடைப்பட்ட வாயுவையே மாற்றியமைக்க வல்லவை.

தொகுத்து நோக்கின்

பெரும் பேரடைகளைச் சூழ்ந்த மெல்லிய, வெப்பமான வாயுவில் தாரை வெப்பம் ஊட்டி விண்மீன் பிறப்பை நெடுங்காலம் தடுத்து வைக்கிறது. இதற்கான சான்று உறுதியானது, அளவுகளோடு கூடியது. பேரடைக்குள் இருக்கும் குளிர்ந்த வாயுவைத் தாரை கலக்கியும் தள்ளியும் மந்தமாக்குகிறது. இதற்கும் தெளிவான நேர்வுகள் உண்டு. அடர்ந்த முகில்கள் தாரையின் ஓரத்தில் அமையும்போது அவை நெருக்கப்பட்டு விண்மீன்களாகின்றன. இது மெய், ஆனால் இன்றைய பேரண்டத்தில் அளவால் சிறியது. இம்மூன்றையும் ஒன்றாகக் காணும்போது, தாரைகள் விண்மீன்களுக்குப் பகையா துணையா என்று கேட்பதைவிட, எந்த அடர்த்தியில், எந்தத் திசையில், எந்தக் காலத்தில் என்று கேட்பதே பொருளுள்ள வினா என்பது புலனாகிறது.

அவ்வினாவுக்கு விடை தர வேண்டிய அளவுகள் இனி கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. ஆல்மா குளிர்ந்த வாயுவையும், ஜேம்ஸ் வெப் வெதுவெதுப்பான மூலக்கூறுகளையும் இளம் விண்மீன்களையும், தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழுந்துவரும் சதுரக் கிலோமீட்டர் அணி மங்கலான தாரைகளையும் பழைய மடல்களையும் காட்டும். சூரியனும் கோள்களும் பிறந்ததும் பால்வீதியில் எஞ்சியிருந்த குளிர்ந்த வாயுவிலிருந்துதான் என்பதை எண்ணும்போது, எந்தப் பேரடையில் வாயு எஞ்சும், எதில் அது பயன்படாமல் கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதை அறிய முயலும் இத்துறையின் உழைப்பு, தொலைவிலுள்ள பேரடைகளோடு நம் தோற்றத்தின் வரலாற்றையும் சேர்த்தே எழுதிக்கொண்டிருக்கிறது.